தள்ளி வைத்த ட்ரான்ஸ்பார்மர்

ஆகஸ்ட் 3, 2024, சனி

பாட்டு ஓடும்போது தெரிவதில்லை. ராத்திரி தெரு அடங்கிய பிறகு, பாடகி மூச்சு வாங்கும் இடத்தில், தம்புராவுக்கு அடியில் 'ம்ம்' என்று கேட்கிறது. ஐந்து கட்டை சுருதியில் மந்திர ஷட்ஜம் 98 ஹெர்ட்ஸ். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; டயோடு வழியாக வந்தால் 100. இந்த 98-ம் அந்த 100-ம் உரசி நொடிக்கு இரண்டு தடவை அலைகின்றன. சுருதி சேராத தம்புரா என்றுதான் காது சொல்லும். பழி கச்சேரிக்காரர்மேல் விழும்.

ஹெட்போன் ஆம்ப்ளிஃபையரின் வால்யூமைப் பூஜ்யத்துக்குக் குறைத்தேன். ஹம் அப்படியே இருந்தது. உள்ளே வரும் வயரைக் கழற்றினேன். அப்போதும் குறையவில்லை. ஆக, வெளியிலிருந்து வருவதில்லை, பெட்டிக்குள்ளேயே பிறக்கிறது. மூடியைத் திறந்து, ட்ரான்ஸ்பார்மரின் திருகைத் தளர்த்தி, பிளக்கைப் பிடுங்குவதும் திருப்புவதும் மறுபடி போட்டுக் கேட்பதுமாகப் பார்த்தேன். ஒரு கோணத்தில் பாதியாகிறது, இன்னொரு கோணத்தில் ஏறுகிறது. இதற்குமேல் சாட்சி வேண்டாம். ட்ரான்ஸ்பார்மரின் காந்தப்புலம் பக்கத்திலேயே இருக்கும் சர்க்யூட்டில் ஏறுகிறது.

கோயம்புத்தூர் நண்பர் ஆசையாகக் கட்டிக் கொடுத்த ஆம்ப்ளிஃபையர் இது. சர்க்யூட்டில் ஒரு குறையும் சொல்ல முடியாது. பெட்டிதான் சின்னது.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

இப்படிப்பட்ட காந்தப்புலம் தூரத்தின் மும்மடிக்கு ஏற்பக் குறையும். இரட்டிப்பு தூரம் தள்ளினால் எட்டில் ஒரு பங்கு. இப்போது ஆறு சென்டிமீட்டரில் இருப்பதை அறுபதுக்குத் தள்ளினால் ஆயிரத்தில் ஒன்று. எந்த விலை உயர்ந்த ஐசியும் இந்தக் கணக்கை ஜெயிக்காது. பவர் சப்ளையைத் தனிப் பெட்டியில் போட்டுத் தரையில் வைத்துவிட வேண்டியதுதான்.

எந்த இடத்தில் பிரிப்பது என்பதில்தான் யோசனை தேவைப்பட்டது. ட்ரான்ஸ்பார்மரை மட்டும் வெளியே வைத்து ஏசியைக் கேபிளில் அனுப்பலாம். ஆனால் கண்டென்சர் சார்ஜ் ஆகும்போது மின்சாரம் சீராக ஓடாது, வெட்டி வெட்டித்தான் பாயும். அந்தப் பாய்ச்சல் ஆம்ப்ளிஃபையருக்குள் வரவே கூடாது. எனவே ட்ரான்ஸ்பார்மர், டயோடு, பெரிய கண்டென்சர் மூன்றும் கீழ்ப் பெட்டியில். கேபிளில் டிசி மட்டும். ரெகுலேட்டர்கள் மேலே, ஆம்ப்ளிஃபையருக்குள்ளேயே. ஒரு மீட்டர் கேபிளுக்கு அந்தப் பக்கம் ரெகுலேட்டரை வைத்தால், அது எவ்வளவு சீராகக் கொடுத்தாலும் வழியில் கொஞ்சம் கெட்டுப்போகும்.

ஆகஸ்ட் 10, சனி

மெட்ரோவில் அரசினர் தோட்டத்தில் இறங்கி ரிச்சி தெரு. 15-0-15, 500 மில்லி ஆம்ப் ட்ரான்ஸ்பார்மர் ஒன்று. ரெகுலேட்டர் 7815, 7915. கண்டென்சர் 2200 மைக்ரோஃபாரட்.

"25 வோல்ட் போதும் சார், எல்லாரும் இதைத்தான் வாங்குறாங்க" என்றார் கடைக்காரர். போதாது. 15 வோல்ட் ஏசியின் உச்சம் 21. பாரம் இல்லாதபோது ட்ரான்ஸ்பார்மர் இன்னும் கூடுதலாகத் தரும், எங்கள் பக்கம் லைனில் 240-க்கு மேலும் வரும். 35 வோல்ட் கேட்டு வாங்கினேன்.

கேபிளுக்கு என்ன கனெக்டர் என்பதற்கு அரை மணி நேரம் போனது. மூன்று பின் மைக் கனெக்டர் மலிவு, உறுதியும்கூட. ஆனால் வீட்டில் யாராவது என்றைக்காவது அதில் ஒரு மைக்கைச் சொருகினால் 24 வோல்ட் நேராக அதற்குள் போகும். ஆடியோவுக்குப் புழங்கும் எந்தக் கனெக்டரையும் பவருக்கு வைக்கக் கூடாது என்பது என் கட்சி. நாலு பின் ஏவியேஷன் கனெக்டர் எடுத்தேன், திருகிப் பூட்டுகிற வகை. சப்ளை பக்கம் ஓட்டை, கேபிள் பக்கம் பின். மாற்றி வைத்தால் மின்சாரம் இருக்கும் பின் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

காலையிலிருந்து சால்டரிங். மெயின்ஸ் பக்கம் பியூஸ், ஸ்விட்ச், எர்த். இரும்புப் பெட்டிக்கு எர்த் கொடுக்காமல் விடுகிறவர்களை என்ன சொல்ல!

ரெகுலேட்டர்களைப் பற்றி விரிவாக எழுதி வைக்க வேண்டும், பின்னால் உதவும். 7815-ம் 7915-ம் பார்க்க இரட்டைப் பிள்ளைகள், கால்கள் மட்டும் வேறு வேறு. எழுத்து நம்மைப் பார்த்திருக்க, 7815-க்கு இடமிருந்து இன்புட், கிரவுண்ட், அவுட்புட். 7915-க்கு கிரவுண்ட், இன்புட், அவுட்புட். இன்னொரு வேறுபாடு முதுகில். 7815-இன் உலோக முதுகு கிரவுண்டோடு சேர்ந்தது, பெட்டியில் பட்டால் ஆபத்தில்லை. 7915-இன் முதுகு இன்புட்டோடு சேர்ந்தது. அதை அப்படியே அலுமினியப் பெட்டியில் முடுக்கினால் மைனஸ் 24 வோல்ட் பெட்டிக்கு ஷார்ட். மைக்கா தகடு ஒன்று அடியில், பிளாஸ்டிக் புஷ் ஒன்று திருகுக்கு. முடுக்கிய பிறகு மீட்டரை வைத்து முதுகுக்கும் பெட்டிக்கும் தொடர்பு இல்லை என்று பார்த்துக்கொண்டேன்.

அக்கா மகன் சாயங்காலம் வந்தான். எலக்ட்ரீஷியன். மேஜையைப் பார்த்துவிட்டு, "மாமா, பேசாம ஒரு புளூடூத் ஹெட்செட் வாங்கியிருக்கலாம்ல?" என்றான். ஆனாலும் வண்டியிலிருந்து சீரிஸ் போர்டை எடுத்து வந்தது அவன்தான். 60 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடரில் போட்டு முதல் தடவை பவர் கொடுத்தோம். பல்பு ஒரு கணம் மினுங்கி அணைந்தது. கண்டென்சர் நிரம்பிவிட்டது, ஷார்ட் இல்லை. பல்பு நின்று எரிந்தால்தான் ஓட வேண்டும்.

பல்பை எடுத்துவிட்டு அளந்தோம். கீழ்ப் பெட்டியில் ப்ளஸ் 23.8, மைனஸ் 23.7. மேலே 15-ம் 15-ம்.

ஆகஸ்ட் 12, திங்கள்

ஆபீஸ் விட்டு வந்ததும் முதல் வேலை, ஹெட்போன் ஜாக்கில் மீட்டரை வைத்து டிசி பார்த்தது. இடது 4 மில்லிவோல்ட், வலது 6. இருபதுக்குள் இருந்தால் கவலையில்லை. இந்த அளவைப் பார்க்காமல் யாரும் நல்ல ஹெட்போனைச் சொருகக் கூடாது. காயில் தலைமுடி மாதிரி கம்பி, டிசி ஏறினால் கருகிவிடும்.

அதே காரணத்தால் கீழ்ப் பெட்டியின்மேல் ஒரு சீட்டு ஒட்டினேன்: 'முதலில் கேபிள், பிறகு ஸ்விட்ச், கடைசியில் ஹெட்போன். அணைக்கும்போது தலைகீழ்.' ஸ்விட்ச் போட்டபடி கேபிளைச் சொருகினால் ப்ளஸ் முந்தி மைனஸ் பிந்தலாம். அந்தக் கண நேரத்தில் அவுட்புட் ஒரு பக்கமாக எகிறும்.

வால்யூமை முழுக்க ஏற்றி, பாட்டு இல்லாமல் காதில் வைத்தேன். மெல்லிய 'ஸ்ஸ்' மட்டும். ஹம் இல்லை.

ஆகஸ்ட் 15, வியாழன்

விடுமுறை. அக்கா மகனை உட்காரவைத்து ஒரு சோதனை. இரண்டின் சத்தமும் சமமாக இருக்கும்படி மீட்டரால் அளந்து வைத்துவிட்டு, ஃபோனிலிருந்தா ஆம்ப்ளிஃபையரிலிருந்தா என்று சொல்லாமல் மாற்றி மாற்றிக் கொடுக்கச் சொன்னேன். 32 ஓம் இயர்போனில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. குத்துமதிப்பாகத்தான் சொன்னேன். தெரிகிறது என்று சத்தியம் செய்கிறவர்கள் சத்தத்தைச் சமமாக வைத்துப் பார்க்கட்டும்.

சென்ஹைசர் எச்.டி. 600 ஹெட்போன் வேறு கதை. 1997-இல் வந்த மாடல், 300 ஓம். 3 வோல்ட் கொடுத்தால் 10 மில்லி ஆம்ப்தான் இழுக்கும், ஆனால் அந்த 3 வோல்ட் வேண்டும். 32 ஓம் இயர்போனுக்கு அவ்வளவு வோல்ட்டே தேவைப்படாது. வீணைப் பதிவு ஒன்றை ஃபோனில் முழு வால்யூமில் வைத்தும் எட்டவில்லை. ஆம்ப்ளிஃபையரில் குமிழ் பாதியைத் தாண்டவில்லை. மீட்டு முடிந்த பிறகு தந்தி அடங்கிப் போவது கடைசிவரை கேட்கிறது. அதுதான் ஆதாயம்.

ஆகஸ்ட் 17, சனி

லேப்டாப்பில் போட்டால் சன்னமாக ஒரு கீச்சு. மூன்று பின் சார்ஜரைப் பிடுங்கினால் போய்விடுகிறது. இரண்டு இடத்தில் எர்த் சேர்ந்து வளையம் ஆகிறது. பேட்டரியில் ஓட்டிக் கேட்கிறேன், அவ்வளவுதான்.

ராத்திரி கரண்ட் போய் இன்வெர்ட்டர் வந்ததும் 'கர்ர்' என்று ஒரு புதிய சத்தம். கீழ்ப் பெட்டியில் அளந்தேன்: 15.7 வோல்ட். எங்கள் வீட்டில் இருப்பது பழைய சதுர அலை இன்வெர்ட்டர். ஒழுங்கான 230 வோல்ட் ஏசியின் உச்சம் 325 வரை போகும். சதுர அலைக்கு உச்சமே 230-தான். கண்டென்சர் உச்சத்துக்கு நிரம்புவது, ஆகவே 24 இருந்த இடத்தில் 16. 15 வோல்ட் ரெகுலேட்டருக்கு உள்ளே குறைந்தது 17 வேண்டும். அது கைவிட்டதும் இன்வெர்ட்டரின் அசிங்கமெல்லாம் அப்படியே காதுக்கு வருகிறது.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

7815, 7915 இரண்டையும் எடுத்துவிட்டு 7812, 7912 போட்டேன். கால் அமைப்பு அதேதான். 15.7 வந்தாலும் 12-க்குப் போதிய இடைவெளி இருக்கிறது. 3 வோல்ட் ஒலிக்கு உச்சம் நாலேகால்தான், 12 தாராளம். இன்வெர்ட்டரில் ஓட்டிப் பார்த்தேன். ட்ரான்ஸ்பார்மர் தரையில் உறுமுகிறது, ஹெட்போனில் ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 24, சனி

ஒரு வாரம் கேட்டாயிற்று. மேடை விரிந்தது, திரை விலகியது என்றெல்லாம் எழுத ஒன்றுமில்லை. பாட்டு அதே பாட்டு, ஹம் மட்டும் போயிற்று. அதுவும் புது ஐசியால் இல்லை, அறுபது சென்டிமீட்டர் தூரத்தால். 32 ஓம் இயர்போனில் கேட்கிறவர்களுக்கு இந்த வேலை தேவையில்லை. 300 ஓம் வைத்துக்கொண்டு ஹம் என்று புலம்புகிறவர்கள், புது ஆம்ப்ளிஃபையருக்குக் காசு எடுத்து வைக்கும் முன், இருக்கிற ட்ரான்ஸ்பார்மரைத் தள்ளி வைத்துப் பார்க்கட்டும்.