பாசத்தோடு போன ஜலதோஷம்

சென்ற ஆண்டு டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஏற்காட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கும் என் அம்மாவைப் பார்க்கப் புறப்பட்டேன். மூக்கில் நீர், தொண்டையில் கரகரப்பு. "வெறும் ஜலதோஷம்தானே! போகலேன்னா அம்மா ஏங்கிப் போயிடுவாங்க" என்று, கணவர் தடுத்தும் கேளாமல், முறுக்கு டப்பாவுடன் சேலத்தில் பஸ் ஏறிவிட்டேன்.

20 கொண்டை ஊசி வளைவுகளும் தாண்டி மேலே போனால் ஒரே பனிமூட்டம். குளிருக்கு அஞ்சி அறை ஜன்னல்களை எல்லாம் சாத்தியிருந்தார்கள். அம்மாவின் கையைப் பிடித்தபடி இரண்டு மணி நேரம் பேசினேன். பக்கத்துக் கட்டில் பாட்டிக்கு முறுக்கை நொறுக்கி, என் கையாலேயே ஊட்டினேன்.

மூன்றாம் நாள் அம்மாவுக்கு இருமல். பாட்டிக்கோ காய்ச்சலே இல்லை, ஆனால் சாப்பாடு இறங்கவில்லை, பழகிய ஆயாவையே "யார் நீ?" என்றாராம். சேலம் ஆஸ்பத்திரியில் ஃப்ளூ என்றார்கள். வயதானவர்களுக்குச் சுரம் அடிக்காமலே, சோர்வும் மனத் தடுமாற்றமுமாக அது வருவதுண்டாம்! அம்மா தேறிவிட்டார். பாட்டி 12 நாள் கழித்துத் திரும்பினார். ஆனால் அதுவரை தானாக நடந்தவருக்கு இப்போது சக்கர நாற்காலிதான்.

என்னால்தான் என்று யாரும் சொல்லவில்லை. என் மனசுக்குத் தெரியாதா?

"இவங்க வெளியே எங்கேம்மா போறாங்க? வர்றவங்களும் வேலை செய்யறவங்களும்தான் கிருமியைக் கொண்டு வரணும்" என்றார் அங்குள்ள நர்ஸ். உண்மைதான். 2020-ல் அமெரிக்காவில் கிர்க்லாந்து என்ற ஊரின் முதியோர் இல்லத்தில் கொரோனா பரவியபோது, உடம்பு சரியில்லாமலே வேலைக்கு வந்தவர்களும், பல இல்லங்களில் மாறி மாறி வேலை பார்த்தவர்களும் ஒரு காரணம் என்று கண்டார்கள்.

இப்போது எங்கள் இல்லத்தில் ஆயாவுக்குக் காய்ச்சல் என்றால் சம்பளத்தோடு லீவு. வெயில் எட்டிப் பார்த்ததும் ஜன்னல்களைத் திறந்துவிடுகிறார்கள். ஃப்ளூ கிருமி உருமாறிக்கொண்டே இருப்பதால், ஆண்டுதோறும் எல்லோருக்கும் தடுப்பூசி. ஒருவருக்கு நோய் கண்டால் தனி அறை. அவரைக் கவனிக்க ஒரே ஆள். உள்ளே நுழைகிறவர்கள் 20 விநாடி சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். வாந்தி பேதி உண்டாக்கும் நோரோ வைரஸுக்கு சானிடைசர் மட்டும் போதாது. சோப்பும் தண்ணீரும்தான் சரி.

போன மாதம் எனக்கு மறுபடி தும்மல். போனில் சொன்னேன். "முறுக்கு எங்கேடி ஓடிப் போகுது? உடம்பு தேறி வா" என்றார் அம்மா.

சகோதரிகளே, பார்க்கப் போவது மட்டுமா பாசம்? சில நாள் போகாமல் இருப்பதும் பாசம்தான்.