தண்ணீர்த் திருநாளுக்குப் போகலாமா?

சயாம் தேசத்துக்கு ஒரு முறை போய் வரவேண்டுமென்ற ஆசை எனக்கு நெடுநாளாக உண்டு. ஐரோப்பிய வல்லரசுகள் ஆசியாவைப் பங்கு போட்டுக்கொண்ட காலத்தில், யாருக்கும் அடிமைப்படாமல் தப்பிய தேசம் அது என்று ஒவ்வொரு வருஷமும் சரித்திர வகுப்பில் பையன்களுக்குச் சொல்லி வருகிறேன். தாய்லாந்து என்ற பெயர் அதற்கு நிலைத்துவிட்ட பிறகும் என் வாயில் பழைய பெயர்தான் வருகிறது. போவதற்கு வசதி சென்ற வருஷந்தான் வாய்த்தது. வசதியோடு ஒரு தர்மசங்கடமும் சேர்ந்து வாய்த்தது.

எனக்கு லீவு கிடைத்தது ஏப்ரல் மாதத்தின் நடுவில் ஒரே ஒரு வாரம். அந்த வாரத்தில்தான் அங்கே 'சொங்கிரான்' திருநாள். நேயர்கள் படங்களில் பார்த்திருக்கக் கூடும். ஏப்ரல் 13, 14, 15 ஆகிய மூன்று தினங்களும் தெருவில் போகிறவர் வருகிறவர் எல்லார் மீதும் தண்ணீரை வாரி இறைக்கிறார்கள். வாளி, குழாய், விளையாட்டுத் துப்பாக்கி, எது கையில் கிடைத்தாலும் சரி. வெண்களிமண் பொடியைக் குழைத்து முன்பின் அறியாதவர் கன்னத்தில் பூசவும் செய்கிறார்கள். நம் வடநாட்டு ஹோலியைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

"போனால் இந்தச் சமயத்தில்தான் போகவேண்டும், அப்பா!" என்றான் காலேஜில் படிக்கும் என் மகன்.

"இந்தச் சமயத்தைத் தவிர வேறு எப்பொழுது வேண்டுமானாலும் போகலாம்," என்றாள் என் மனைவி.

இருவர் கட்சியையும் நிதானமாக ஆராய்ந்து பார்த்தேன். என் மனைவியின் கட்சியே பலமாக இருந்தது. சயாமில் வருஷத்திலேயே கடும் வெயில் ஏப்ரல் மாதத்தில்தான். வடபகுதியில் பகல் வெப்பம் 40 டிகிரியைத் தொட்டுவிடும். காட்டிலும் வயலிலும் வைக்கும் தீயினால் எழும் புகை பல வருஷங்களில் அந்த மாதம் வரையில் நீடித்து மலைகளை மறைக்கிறது. ரெயிலில் இடம் கிடைப்பது அரிது. விடுதிக் கட்டணமும் ஏறிவிடும். கூட்டத்தைச் சாக்காக வைத்துக்கொண்டு பெண்களிடம் வரம்பு மீறி நடப்பவர்களும் உண்டு. 'பெண்கள் அடக்கமாக உடுத்த வேண்டும்' என்று 2018-ல் அதிகாரிகள் உபதேசம் செய்தபோது, ஸிண்டி பிஷப் என்ற நடிகை, 'உபதேசத்தை ஆண்களுக்குச் செய்யுங்கள்' என்ற கருத்தில் ஓர் இயக்கமே தொடங்கினார்.

எல்லாவற்றிலும் என்னை அதிகமாக யோசிக்க வைத்தது வேறொன்று. திருநாளை ஒட்டிய ஏழு தினங்களுக்கு அந்நாட்டார் 'ஏழு அபாய நாட்கள்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த ஒரு வாரத்தில் சாலை விபத்துக்களில் மாண்டவர்களின் கணக்கை அரசாங்கமே வெளியிடுகிறது. அண்மைக் காலத்தில் அது ஒவ்வொரு வருஷமும் இருநூற்றுக்கு மேல். அவர்களில் மிகப் பலர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். மதுவும் வேகமுமே முக்கியக் காரணங்கள்.

இவ்வளவு தெரிந்தும் நான் ஏன் தயங்கினேன்? 'சொங்கிரான்' என்ற சொல்தான் என்னை விடவில்லை. அது வேறொன்றுமில்லை, நம் 'ஸங்கிராந்தி'யேதான். சூரியன் மேஷ ராசியில் பிரவேசிக்கும் புண்ணிய காலம். நாம் சித்திரை முதல் தேதி என்று கொண்டாடும் அதே வருஷப் பிறப்பு. அரசாங்க முறையில் அவர்கள் புத்தாண்டை 1889-ல் ஏப்ரல் முதல் தேதிக்கும், 1941-ல் ஜனவரி முதல் தேதிக்கும் மாற்றினார்கள். காரியாலயங்களில் காலண்டர் மாறியது. ஜனங்களின் மனம் மாறவில்லை. ஊர் திரும்புவதும் பெரியோரைப் பணிவதும் சொங்கிரானில்தான். 2023-ஆம் வருஷம் டிசம்பரில் யுனெஸ்கோ ஸ்தாபனம் இத்திருநாளை மனித குலத்தின் பாரம்பரியச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது.

அவர்கள் சொல்லும் கதையும் நமக்கு அந்நியமன்று. கபில பிரம்மா, தர்மபாலன் என்னும் அறிவாளிச் சிறுவனிடம் ஒரு விடுகதை போடுகிறார். "மனிதனுடைய ஸ்ரீ காலையில் எங்கே இருக்கிறது? நடுப்பகலில் எங்கே? மாலையில் எங்கே?" விடை சொல்லாவிட்டால் சிறுவன் தலை போகும், சொல்லிவிட்டால் பிரம்மாவின் தலை போகும். பறவைகளின் பாஷை அறிந்த சிறுவன், மரத்தின் மேல் ஒரு கழுகு தன் பேடையிடம் விடையைச் சொல்வதைக் கேட்டுவிடுகிறான். காலையில் முகத்தில், அதனால் முகம் கழுவுகிறோம். பகலில் மார்பில், அதனால் சந்தனம் பூசுகிறோம். மாலையில் பாதத்தில், அதனால் கால் கழுவுகிறோம். பிரம்மாவின் தலை பூமியில் விழுந்தால் உலகம் எரியும். கடலில் விழுந்தால் கடல் வற்றும். ஆகவே அவருடைய ஏழு புத்திரிகளும் அதை ஒரு குகையில் வைத்துக் காத்து, வருஷத்துக்கு ஒருத்தியாக ஏந்தி மேருவை வலம் வருகிறார்களாம். வாரத்தின் எந்தக் கிழமையில் சங்கிராந்தி வருகிறதோ, அந்தக் கிழமைக்குரிய புத்திரி அவ்வருஷத்தின் சொங்கிரான் தேவி.

இதையெல்லாம் ஒரு நாள் இரவு சாப்பாட்டின்போது சொல்லிக்கொண்டிருந்தேன். எழுபத்து நான்கு வயதான என் தாயார் மோர் ஊற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். என் தகப்பனார் காலமானது முதல், வருஷப் பிறப்பன்று அதிகாலையில் கனி கண்டதும் அவளை நமஸ்கரித்த பிறகே எங்கள் வீட்டில் அடுத்த காரியம். நாங்கள் மூவரும் போவதென்றும், அவளைத் தங்கை வீட்டில் விடுவதென்றும் என் உத்தேசம். அதை அவளிடம் சொல்லும் தைரியம் மட்டும் எனக்கு வரவில்லை.

"ஏப்ரல் 13-ஆம் தேதியை அவர்கள் தேசிய முதியோர் தினமாகவும் கொண்டாடுகிறார்கள். பாங்காக்கில் வேலை செய்கிறவர்கள் கூட்டங்கூட்டமாகத் தாய் தகப்பனாரைப் பார்க்கச் சொந்த ஊருக்குப் போய்விடுகிறார்கள்," என்றேன்.

"அப்படியா? அவர்கள் எல்லாரும் அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போகிற நாளில், நீ அம்மாவை விட்டுவிட்டு அவர்களைப் பார்க்கப் போகிறாயாக்கும்?" என்றாள் என் தாயார்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. யாரும் பேசவில்லை. சற்றுப் பொறுத்து அவளே சொன்னாள்: "எனக்கும் ஒரு டிக்கட் வாங்கிவிடு. வேப்பம்பூவை நான் பொட்டலம் கட்டிக் கொண்டு வருகிறேன்."

சென்னையிலிருந்து பாங்காக் ஆகாய விமானத்தில் மூன்றரை மணி நேரப் பிரயாணந்தான். அங்கே ஸீலோம் வீதியில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் குடியேறிய தமிழர் கட்டிய மாரியம்மன் கோவிலைத் தரிசித்தோம். சயாமியப் பெண்கள் அம்மனுக்கு மாலை வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றதைப் பார்த்து என் தாயாரின் அச்சம் பாதி தீர்ந்தது. தண்ணீர் விளையாட்டின் உச்சத்தில் அதே ஸீலோம் வீதி கால் வைக்க இடமின்றி நிறைந்துவிடும். ஆகையால் அன்றே வடக்கே சுமார் 700 கிலோ மீட்டர் தொலைவிலுள்ள சியாங் மாய் நகருக்குப் புறப்பட்டுவிட்டோம்.

சியாங் மாய், மங்ராய் மன்னர் 1296-ல் நிர்மாணித்த பழைய தலைநகரம். சதுரமான கோட்டை, சுற்றிலும் அகழி, ஒவ்வொரு பக்கமும் சுமார் ஒன்றரை கிலோ மீட்டர் நீளம். அந்த அகழிதான் சொங்கிரானின் போர்க்களம். கயிறு கட்டிய வாளியால் நீரை மொண்டு மொண்டு வீசுகிறார்கள். விடுதியிலிருந்து நூறு அடி போவதற்குள் நாங்கள் தெப்பமாக நனைந்துவிட்டோம். பனிக்கட்டி போட்ட நீர் முதுகில் விழும்போது உயிரே ஒரு கணம் நின்றுவிடுகிறது. வீசியவன் உடனே கைகூப்பிப் புத்தாண்டு வாழ்த்துக் கூறுகிறான், கோபித்துக்கொள்ள வழியில்லை. ஒரு விஷயம் கவனித்தேன். என் தாயாரின் நரைத்த தலையைப் பார்த்ததும் துப்பாக்கிகள் தாழ்ந்தன. ஒரு பையன் மாத்திரம் கிட்டே வந்து, அவள் தோளில் ஒரு கையளவு நீரை மெல்ல வார்த்துவிட்டுப் போனான்.

13-ஆம் தேதி பிற்பகலில் ப்ரா சிங் ஆலயத்துப் புத்தர் திருவுருவம் வீதிவலம் வருகிறது. வழி நெடுக ஜனங்கள் வாசனை நீரை அபிஷேகமாகத் தெளிக்கிறார்கள். அந்த வேளையில் அத்தனை கூச்சலும் அடங்கியதைக் கண்டேன். தேர்த் திருவிழாவில் நம் ஊரார் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் அதே முகபாவம்.

அன்று மாலைதான் என் மனைவியின் கட்சி எவ்வளவு நியாயமானதென்று தெரிந்தது. அகழி ஓரச் சாலையில், நாங்கள் போன சிவப்பு வண்டிக்கு முன்னால், ஓர் இளைஞன் தலைக்கவசமின்றி மோட்டார் சைக்கிளில் விரைந்தான். ஓரத்திலிருந்து ஒருவன் வாளி நீரை நேரே அவன் முகத்தில் வீசினான். வண்டி சறுக்கியது, இளைஞன் தூக்கி எறியப்பட்டான். சாலையில் தேங்கியிருந்த நீர் சிவந்தது. சில நிமிஷங்களில் ஆம்புலன்ஸ் வந்து அவனை எடுத்துச் சென்றது. வாளி வீசியவன் அதே இடத்தில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். ஊரில் யாரோ ஒரு தாய் அந்த இளைஞனுக்காகக் காத்திருந்திருப்பாள். மோட்டார் சைக்கிள் வாடகைக்கு எடுக்கவேண்டுமென்று காலையெல்லாம் கெஞ்சிய என் மகன் அதன் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

மறுநாள் எங்கள் சித்திரை முதல் தேதி. விடுதி அறையில் ஒரு தட்டில் கண்ணாடி, மாம்பழம், பூ, சில்லறைக் காசு வைத்துக் கனி கண்டோம். வேப்பம்பூவும் மாங்காயும் கலந்த பச்சடிக்கு விடுதிக்காரியம்மாளே வெல்லம் தேடிக் கொடுத்தாள். அன்று பிற்பகலில் ஜனங்கள் மணலைச் சுமந்து கோவிலுக்குப் போய்ச் சிறு சிறு கோபுரங்களாகக் குவித்துக் காகிதக் கொடி நட்டார்கள். வருஷம் முழுவதும் கோவிலுக்கு வந்து போகும்போது காலில் ஒட்டிக்கொண்டு போன மண்ணைத் திருப்பிக் கொடுப்பதாம்! கோவில் மண்ணைக்கூடக் கடனாகக் கருதும் அந்த நாகரிகத்தை நினைத்து நான் வியந்தேன்.

15-ஆம் தேதி காலையில், 'தம் ஹுவா' என்னும் சடங்குக்கு விடுதிக்காரியம்மாள் எங்களை அழைத்தாள். அந்தச் சொல்லுக்குத் தலை ஸ்நானம் என்று பொருள். குடும்பத்துப் பெரியவர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்க, இளையவர்கள் மண்டியிட்டு, தெரியாமல் செய்த பிழைகளுக்கு மன்னிப்பு வேண்டி, அவர்கள் கைகளில் நீர் வார்க்கிறார்கள். பாட்டியின் பக்கத்தில் ஓர் ஆசனம் போட்டு என் தாயாரையும் உட்கார வைத்தார்கள். வெள்ளிக் கிண்ணத்தில் மலர்கள் மிதந்தன. நீரில் ஏதோ காயை வாட்டிப் போட்டிருந்தார்கள். என் தாயார் அதை முகர்ந்து பார்த்துவிட்டு, "அட, சீயக்காய்!" என்றாள். உண்மைதான். 'ஸொம் போய்' என்று அவர்கள் போற்றும் அந்தக் காய் நம் வீட்டுச் சீயக்காயேதான்.

பத்து வயதுப் பெண் ஒருத்தி அவள் கையில் நீர் வார்த்தாள். என் தாயார் வழக்கம்போல அவள் தலையில் கை வைத்து, "தீர்க்காயுசா இரு, அம்மா!" என்றாள். விடுதிக்காரியம்மாள் திடுக்கிட்டு, "ஆயு?" என்று கேட்டாள். சயாமிய பாஷையிலும் வயதுக்கு 'ஆயு' என்றே பெயர். பிறகு எங்கள் முறை வந்தது. நானும் என் மனைவியும் மகனும் மண்டியிட்டு அவள் கையில் நீர் வார்த்தோம். அவளைத் தங்கை வீட்டில் விட்டு வர நினைத்த பிழைக்கு அப்பொழுதுதான் மனத்துக்குள் மன்னிப்புக் கேட்டேன். வாய் விட்டுச் சொல்ல இன்றுவரை முடியவில்லை.

ஆகவே, 'சொங்கிரானுக்குப் போகலாமா?' என்று கேட்கும் நண்பர்களுக்கு என் பதில் இது. சிற்பங்களையும் கோவில்களையும் அமைதியாகப் பார்க்க விரும்புகிறவர்கள் மார்கழியிலோ தை மாதத்திலோ போவதே உத்தமம், வெயிலும் இராது. கைக்குழந்தை உள்ளவர்களும் இந்த மூன்று நாளைத் தவிர்க்கலாம். திருநாளையே காண விரும்புகிறவர்கள் முன்னதாகவே போய் ஓர் ஊரில் தங்கிவிடவேண்டும். அந்த வாரத்தில் நெடுஞ்சாலைப் பிரயாணம் வேண்டாம். மோட்டார் சைக்கிளைக் கையால் தொடவேண்டாம். பணத்தையும் பாஸ்போர்ட்டையும் நீர் புகாத உறையில் வைக்கவும். பிக்ஷுக்கள் மீதும் முதியோர் மீதும் நீரை வீசக்கூடாது. முக்கியமாக, காலை வேளைகளைத் தூங்கிக் கழித்துவிடக் கூடாது. பகலில் தெருவில் காண்பது விளையாட்டு. காலையில் கோவிலிலும் வீட்டுக் கூடத்திலும் காண்பதே திருநாள்.

வீட்டில் வயதான தாயோ தகப்பனாரோ இருந்தால், முதலில் அவர்களுக்கு டிக்கட் வாங்குங்கள். அவர்களால் வர இயலாதென்றால் சயாம் இன்னொரு வருஷத்துக்குக் காத்திருக்கட்டும். சொங்கிரானின் உட்பொருளை அறிந்த சயாமியர்கள் அதற்காக உங்களிடம் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.