ஏரிக்கரையில ஒரு பிஸ்டல் பாடம்!

உங்க வீட்டுப் பரண்ல பாட்டியோட சிங்கர் தையல் மெஷின் இருக்கா? தெருமுனை டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்ல ரெமிங்டன் மெஷின்ல 'ஏ எஸ் டி எஃப்' தட்டியிருக்கீங்களா? அப்படின்னா இந்தக் கட்டுரையில வர்ற ஹீரோவோட சொந்தக்காரங்க உங்களுக்கு ஏற்கெனவே பழக்கம்தான்.

ஹீரோ ஒரு கைத்துப்பாக்கி. பேரு 1911. பிறந்த வருஷமும் அதேதான். நூறு வயசைத் தாண்டியும் ரிட்டயர் ஆகாத இந்தத் தாத்தாவைப் பார்க்கணும்னா, அமெரிக்காவில ஒஹையோ மாநிலத்துக்குப் போகணும். வாங்க, ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்!

டொலீடோ நகரத்துலேர்ந்து கிழக்கே கார்ல ஒரு மணி நேரம்கூட ஆகாது. இடது பக்கம் ஈரி ஏரி. ஏரின்னதும் நம்ம ஊர் ஏரியை நினைச்சுக்காதீங்க பாஸ், அக்கரையே தெரியாது. கடல் மாதிரி அலையடிக்குது. வழியில டேவிஸ்-பெஸி அணுமின் நிலையத்தோட கூலிங் டவர், கவுத்து வெச்ச ராட்சதப் பானை மாதிரி நிக்குது. அதைத் தாண்டி கொஞ்ச தூரத்துல கேம்ப் பெரி. 1813-ல இந்த ஏரியில பிரிட்டிஷ் கப்பல் படையை ஜெயிச்ச ஆலிவர் பெரியோட பேரைத்தான் வெச்சிருக்காங்க. 1907-லேர்ந்து அமெரிக்காவின் தேசியத் துப்பாக்கி சுடும் போட்டிகளோட வீடு இதுதான். இரண்டாம் உலகப்போர் சமயத்துல ஜெர்மன், இத்தாலி போர்க்கைதிகளை அடைச்சு வெச்சிருந்ததும் இங்கேதான்.

நான் போனது என் ரூம்மேட்டுக்காக. ஒஹையோ பையன். அப்பதான் 21 வயசு முடிஞ்சிருந்தது. அங்கே லைசென்ஸ் உள்ள கடையில கைத்துப்பாக்கி வாங்க குறைந்தபட்ச வயசு அதுதான். போலீஸ் கேஸ் ஏதாவது இருக்கான்னு பின்னணிச் சோதனையும் உண்டு. ரெண்டு கோடை லீவு முழுக்க பீட்ஸா டெலிவரி பண்ணி காசு சேர்த்திருந்தான். பர்ஸ்ல ஒரு கறுப்பு வெள்ளை போட்டோ. கொரியப் போர்ல அவன் தாத்தா, இடுப்பு உறையில 1911. முந்தின குளிர்காலத்துலதான் தாத்தா இறந்துபோயிருந்தார். "தாத்தா கையில இருந்ததுதான் எனக்கும் வேணும். அதை வெச்சு இங்கே போட்டியில நிக்கணும்!" இதுதான் அவன் கனவு.

(எம்.எஸ். படிக்கப் போறவங்க காதைக் கொடுங்க. எஃப்-1 விசாவில இருக்கிறவங்க, வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விதிவிலக்குகள் தவிர, துப்பாக்கியோ தோட்டாவோ வாங்கவும் கூடாது, வெச்சிருக்கவும் கூடாது. 'சும்மா ஒரு ஷாட் அடிச்சுப் பாரேன் மச்சி'ன்னு யாராவது கூப்பிட்டா, பெரிய கும்பிடா போட்டுட்டு விலகிடுங்க. நானும் கையைக் கட்டிக்கிட்டுப் பின்னாலதான் நின்னேன்.)

ஒரு கை... ஒரு இட்லி!

ரேஞ்சுக்குள்ள நுழையும்போதே காதுல கவசம், கண்ணுல கண்ணாடி. வரிசையா ஆளுங்க. ஒவ்வொருத்தர் முன்னாலயும் சூட்கேஸ் மாதிரி ஒரு மரப்பெட்டி, அதோட மூடியில ஒரு டெலஸ்கோப். சுடாத நேரத்துல துப்பாக்கி அறையில கலர் பிளாஸ்டிக் கொடி செருகியிருக்கணும், 'உள்ளே தோட்டா இல்லை'ங்கிறதுக்கு அடையாளமா.

ஒலிபெருக்கியில குரல் வருது. "ரெடி ஆன் தி ரைட்... ரெடி ஆன் தி லெஃப்ட்... ரெடி ஆன் தி ஃபயரிங் லைன்!" அதுவரைக்கும் பக்கவாட்டுல திரும்பியிருந்த அட்டைகள் சடார்னு முகம் காட்டுது. அத்தனை பேரும் ஒரே ஒரு கையால சுடறாங்க. சினிமால வர்ற மாதிரி ரெண்டு கையால பிடிக்கிற கதையெல்லாம் இந்தப் பழைய ஸ்டைல்ல கிடையாது. இன்னொரு கை பேன்ட் பாக்கெட்ல!

கணக்கு ரொம்ப சிம்பிள். 50 கஜ தூரத்துல நிதானமா சுடணும். அப்புறம் 25 கஜத்துல 20 விநாடிக்கு 5 குண்டு. அடுத்து 10 விநாடிக்கு 5 குண்டு. இப்படி 90 குண்டு சுட்டா 900 மார்க். இதை மூணு தடவை பண்ணணும்: .22 துப்பாக்கியில ஒண்ணு, சென்டர்ஃபயர் வகையில ஒண்ணு, .45-ல ஒண்ணு. ஆகமொத்தம் 2700. முழு மார்க் தர்ற பத்தாம் வளையத்தோட விட்டம் 3.36 அங்குலம். நம்ம பாஷையில சொன்னா, ரெண்டு கிரிக்கெட் பிட்ச்சுக்கும் கொஞ்சம் அதிகமான தூரத்துல ஒரு இட்லி. 1974-ல ஹெர்ஷல் ஆண்டர்சன் 2680 எடுத்தார். 270 குண்டுல போனது வெறும் 20 மார்க். இங்கே கைதட்டலாம்!

டைப்ரைட்டரும் தையல் மெஷினும்

இடைவேளையில கடை வீதிப் பக்கம் போனோம். அங்கே ஒரு பெரியவர். தலையில தொப்பி, சட்டையில பழைய போட்டி பேட்ஜுகள். என் நண்பன் கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருந்த 1911-ஐ முறைச்சுப் பார்க்கிறதைக் கவனிச்சுட்டு அவராவே பேச்சுக் கொடுத்தார்.

இதை வடிவமைச்சவர் யூட்டா மாநிலத்துல ஆக்டன் ஊர்ல பிறந்த ஜான் மோசஸ் ப்ரௌனிங். 1911 மார்ச்ல ராணுவம் சோதனை வெச்சப்போ 6,000 குண்டு சுட்டும் ஒரு தடவைகூட சிக்கலையாம். உடனே வேலைக்கு எடுத்துக்கிட்டாங்க. 1985-ல அடுத்தது வர்ற வரைக்கும் அமெரிக்க ராணுவத்தோட கைத்துப்பாக்கி இதுதான். இரண்டாம் உலகப்போர்ல தேவை எகிறினப்போ டைப்ரைட்டர் கம்பெனியான ரெமிங்டன் ராண்ட் லட்சக்கணக்குல செஞ்சு தள்ளினாங்க. தையல் மெஷின் சிங்கரும் செஞ்சாங்க, வெறும் 500. அதனாலயே சிங்கர் 1911-க்கு இன்னிக்குக் கிராக்கியோ கிராக்கி.

ஒண்ணை மறைக்காம சொல்லிடணும். இது விளையாடப் பிறந்த சாமான் இல்லை. போர்க்களத்துல எதிர்ல வர்றவனை வீழ்த்தப் பிறந்தது. 15 கிராம் எடையுள்ள குண்டு அதுக்குத்தான். என் மனசுல இருந்த உறுத்தலைப் பெரியவர்கிட்ட கேட்டே விட்டேன். "உண்மைதான். அதை மறந்தவன் பக்கத்துல நான் நிக்கவே மாட்டேன்"னார். ரேஞ்சுல அத்தனை கொடியும் அத்தனை கட்டளையும் எதுக்குன்னு அப்பதான் உறைச்சது.

மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி!

"தம்பி, வாங்கறதுக்கு முன்னால எதையெல்லாம் பார்ப்பே?" பெரியவர் கேட்டதும் நண்பன் முழிச்சான். அவர் சொன்ன லிஸ்ட்டை அப்படியே தர்றேன்.

முதல்ல காலியா இருக்கான்னு பாரு. மேகஸினைக் கழட்டு, ஸ்லைடைப் பின்னால இழு, அறையைக் கண்ணால பாரு, விரலாலயும் தொட்டுப் பாரு. கடைக்காரர் பார்த்துட்டாருங்கிறது கணக்குல வராது.

ரெண்டாவது, கை. பழைய 1911-ல பிடியோட பின்பக்கம் தட்டையா இருக்கும். 1920-கள்ல வந்த ஏ-1 மாடல்ல அது வளைவு, ட்ரிக்கரும் குட்டை. சின்னக் கைக்காரங்களுக்கு ஒண்ணு சரிப்படும், பெரிய கைக்காரங்களுக்கு இன்னொண்ணு. கண்ணை மூடிக்கிட்டுக் கையை நீட்டு. கண்ணைத் திறந்தா குறிமுள் நேரா நிக்கணும். இல்லேன்னா அது உன் துப்பாக்கி இல்லை.

மூணாவது, ட்ரிக்கர். போட்டி விதிப்படி .45-ன் ட்ரிக்கர் குறைஞ்சது மூன்றரை பவுண்டு, அதாவது சுமார் 1.6 கிலோ எடையைத் தாங்கணும். எடை மட்டும் போதாது. இழுக்கும்போது சொரசொரன்னு தேயாம, காஞ்ச சுள்ளி மாதிரி பட்டுன்னு விடுபடணும்.

நாலாவது, பேரல். ஸ்லைடு லேசா லொடலொடத்தா பயப்படாதே. குறிமுள் ரெண்டும் ஸ்லைடு மேலதான் இருக்கு. அதனால ஒவ்வொரு குண்டுக்கும் பேரல் வந்து ஸ்லைடுக்குள்ள அதே இடத்துல உட்காரணும். மூடின நிலையில பேரலோட பின்பக்கத்தை விரலால அழுத்து. கீழே இறங்கினா அவ்வளவுதான், அட்டையில குண்டுகள் ஊருக்கு ஒண்ணா சிதறும். முன்னால பேரலைப் பிடிச்சிருக்கிற புஷிங்கும் இறுக்கமா இருக்கணும்.

அஞ்சாவது, குறிமுள். ராணுவம் கொடுத்தது பொடிசு, திருகி மாத்தவும் முடியாது. போட்டிக்கு, திருகி ஏத்தி இறக்கற மாதிரி பின்முள் வேணும். ஏன்னா இங்கே பலபேர் ராணுவக் குண்டு போடறதில்லை. அதைவிட எடை குறைஞ்ச குண்டு, குறைச்சலான மருந்து, அதுக்கேத்த மெல்லிசு ஸ்ப்ரிங். உதைப்பும் குறையும், அட்டையில பஞ்ச் பண்ணின மாதிரி வட்ட ஓட்டையும் விழும்.

"உங்க தாத்தா மாடலே வேணும்னா, 2018-லேர்ந்து ராணுவத்தோட பழைய 1911-களைப் பொதுமக்களுக்கு விக்கறாங்க. கிடைச்சா வாங்கு. ஆனா அதுல அரத்தைப் போடாதே. அது சரித்திரம்"னார். நண்பன் முகத்துல ஆயிரம் வாட்ஸ் பல்பு. அப்பதான் பெரியவர் குண்டைப் போட்டார். "நாளைக்குக் காலையில எங்க கிளப்புக்கு வா. என்னோடதை சுட்டுப் பாரு. அப்புறம் முடிவு பண்ணலாம்."

சுடாத துப்பாக்கி

மறுநாள் காலை. பக்கத்து ஊர்ல சின்ன கிளப். நான் பத்தடி பின்னால. பெரியவரோட .45. நண்பன் கையை நீட்டினான். டமால்! முதல் குண்டு கறுப்பு வட்டத்துலயே விழுந்தது. திரும்பிப் பார்த்துச் சிரிச்சான். ரெண்டாவது கீழே. மூணாவது இன்னும் கீழே.

"துப்பாக்கி கோணல் போல"ன்னான்.

பெரியவர் ஒண்ணும் பேசலை. மேகஸினை வாங்கித் திரும்பி நின்னு நிரப்பிக் கொடுத்தார். நண்பன் மறுபடி குறிபார்த்தான். ட்ரிக்கரை இழுத்தான். 'க்ளிக்.' வெடிக்கலை. ஆனா துப்பாக்கி முனை, யாரோ மேலேர்ந்து தட்டின மாதிரி ரெண்டு அங்குலம் கீழே பாய்ஞ்சது!

விஷயம் இதுதான். நிஜத் தோட்டாக்களுக்கு நடுவுல ரெண்டு டம்மியைக் கலந்து வெச்சிருந்தார். வெடி வரப்போகுதேன்னு உடம்பு முன்கூட்டியே பயந்து மணிக்கட்டை அழுத்திடும். நிஜக் குண்டுன்னா அந்தச் சத்தத்துலயும் உதைப்புலயும் இந்தத் தப்பு மறைஞ்சிடும். டம்மியில மறைக்க இடமே இல்லை.

நண்பன் காதெல்லாம் சிவந்துடுச்சு. ரொம்ப நேரம் அந்தத் துப்பாக்கியையே பார்த்துக்கிட்டு நின்னான். பெரியவர் தோள்ல கை வெச்சார். "எனக்கும் இப்படித்தான் ஆச்சு தம்பி. .22-ல ஆரம்பி. உதைப்பு கிடையாதுன்னே சொல்லலாம், தோட்டாவும் மலிவு. ஒரு .45 தோட்டா காசுக்கு .22 பல தடவை சுடலாம். கை பழகட்டும். 1911 எங்கேயும் ஓடிடாது, நூறு வருஷமா காத்துக்கிட்டுதானே இருக்கு!"

"தாத்தாவும் இப்படிப் பயந்திருப்பாரா?"ன்னு கேட்டான் நண்பன்.

"அவருக்குப் பழகிக்க நேரம் இல்லை. உனக்கு இருக்கு."

சொல்லிட்டுப் பெரியவர் துப்பாக்கியைத் துடைச்சுப் பெட்டியில வெச்சார். அதுக்கப்புறம் கொஞ்ச நேரம் யாருமே பேசலை.

என் டர்ன்!

திரும்பற வழியில மறுபடியும் கேம்ப் பெரி. அங்கே 80 பேர் ஒரே நேரத்துல சுடக்கூடிய ஏர்கன் ஹால் இருக்கு. 1964, 1968 ஒலிம்பிக்ல தங்கம் வாங்கின கேரி ஆண்டர்சன் பேர்ல. பொதுமக்களுக்குத் திறந்து வைக்கிற நாள்ல யாரும் போய்ச் சுடலாம். அமெரிக்க மத்திய சட்டத்துல காத்துத் துப்பாக்கி 'ஃபயர் ஆர்ம்' கணக்குல வராதுங்கிறதால என் விசாவுக்கும் வம்பில்லை. அப்பாடா!

10 மீட்டர் தூரம். பத்தாம் வளையம் வெறும் 11.5 மில்லிமீட்டர், சட்டைப் பட்டன் சைஸ். ஒரு கையால பிஸ்டலை நீட்டினா, முனை திருவிழா ராட்டினம் மாதிரி சுத்துது. உதைப்பே இல்லாத பிஸ்டல். அப்பவும் என் முதல் குண்டு ஆறுலதான் விழுந்தது. இந்தத் தடவை பழி போட ஆளே இல்லை. அந்த ஆறு முழுக்க முழுக்க என்னோடது! 2024 பாரிஸ் ஒலிம்பிக்ல நம்ம மனு பாக்கர் ரெண்டு வெண்கலம் வாங்கினது இதே 10 மீட்டர் ஏர் பிஸ்டல்ல. அந்தப் பதக்கத்தோட எடை எனக்கு அன்னிக்குத்தான் புரிஞ்சது.

நண்பன் அந்த வாரமே பழைய .22 டார்கெட் பிஸ்டல் ஒண்ணு வாங்கினான். மீதிக் காசைத் தொடாம பேங்க்ல போட்டுட்டான். பிஸ்டல் பெட்டியோட மூடியில, உள்பக்கமா, தாத்தா போட்டோவை ஒட்டி வெச்சிருக்கான். பயிற்சிக்குத் திறக்கும்போதெல்லாம் தாத்தா முகம்தான் முதல்ல தெரியும். 1911 எப்போ வாங்குவேன்னு கேட்டா, "டம்மி தோட்டா போட்டும் முனை ஆடாம நிக்குதே, அன்னிக்கு"ங்கிறான்.

உங்களுக்குத் துப்பாக்கியே வேண்டாம், சந்தோஷம். ஆனா கேமரா, கிடார், பைக்னு ஏதோ ஒண்ணுக்கு நீங்களும் காசு சேர்த்துக்கிட்டுதானே இருக்கீங்க? கடை வாசல்ல நிக்கும்போது அந்த 'க்ளிக்' சத்தத்தை ஒரு தடவை நினைச்சுக்கோங்க. எது பெஸ்ட்டுன்னு கேட்கறதுக்கு முன்னால, என் கை எந்த அளவுக்குத் தயார்னு கேட்டுப் பாருங்க. பதில் கொஞ்சம் கசக்கும். பரவாயில்லை, காசு மிச்சம்!