சத்தம் போடும் சைலன்சர்

என்னைப் போல் பழைய கார் வைத்திருப்பவர்களுக்காக இந்தப் பதிவு. என்னுடையது 2004 மாடல் மாருதி 800.

போன மாதம் பின் சீட்டில் இருந்த என் மனைவி, "தலை பாரமா இருக்குங்க, குமட்டுது" என்றாள். இறங்கிக் காற்றாட நின்றதும் சரியாகிவிட்டது. சில நாட்களாக வண்டியும் டிராக்டர் மாதிரி சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது.

புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். வண்டிக்கு அடியில் கசிந்தால், தரையில் துருப்பிடித்த ஓட்டை வழியாக உள்ளே வந்துவிடும்.

சைலன்சர் ஏன் துருப்பிடிக்கிறது? ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகும். காலையில் குழாய் நுனியில் சொட்டுவது அதுதான். தொலைதூரம் ஓடினால் சூட்டில் ஆவியாகிவிடும். நாமோ ரேஷன் கடை, வங்கி, கோயில் என்று இரண்டு கிலோமீட்டரில் நிறுத்திவிடுகிறோம். தண்ணீர் உள்ளேயே தங்கி, உள்ளிருந்தே அரிக்கிறது.

கசிவை நாமே கண்டுபிடிக்கலாம். இன்ஜின் ஆறியிருக்கும்போது, திறந்த வெளியில் ஸ்டார்ட் செய்து, ஒருவர் கையுறை போட்டுக்கொண்டு ஈரத்துணியால் குழாய் நுனியைச் சில நொடி பொத்த வேண்டும். 'உஸ்' என்று கேட்கும் இடம்தான் கசிவு. அங்கே கரியும் படிந்திருக்கும். என் வண்டியில் முன்குழாய் இணைப்பில் இருந்தது.

ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, இரும்பு ஸ்டாண்டில் வண்டியை இறக்குங்கள். செங்கல் வேண்டாம், பாரத்தில் நொறுங்கும். துருப்பிடித்த நட்டுகளுக்கு முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள். கேஸ்கெட்டைப் புதிதாகப் போட்டு, நட்டுகளை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். தொங்கு ரப்பர் மாற்றுவது இதைவிடச் சுலபம். சோப்புத் தண்ணீர் தடவினால் வழுக்கிக்கொண்டு ஏறும்.

ஓட்டைக்குப் பூசும் பேஸ்ட் ஊர் போய்ச் சேரத்தான் உதவும். தகடு மெலிந்துவிட்டால் புது சைலன்சர்தான் வழி. வெல்டிங்கைப் பட்டறைக்கு விட்டுவிடுங்கள். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டுத்தான் வெல்டிங் வைக்கச் சொல்ல வேண்டும். கன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டு வெறும் குழாய் போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்த விஷவாயுவைக் குறைப்பதே அதன் வேலை.

"ஓடுற வரைக்கும் ஓடட்டும் சார்" என்றார் ஒரு மெக்கானிக். ஓடும்தான். உள்ளே உட்கார்ந்திருப்பது நம் பிள்ளைகள், பேரன் பேத்திகள் அல்லவா? வண்டியில் ஏறினால் தலைவலி, இறங்கினால் சரியாகிறது என்று வீட்டில் யார் சொன்னாலும், அடிப்பக்கத்தைப் பார்க்காமல் அந்த வண்டியை எடுக்காதீர்கள்.