கால் மரத்துப்போனவர்கள்

திருவண்ணாமலை ரமணாசிரமத்தின் பழைய ஹாலில் சுவரோரம் இடம் கிடைப்பது லேசில்லை. முதுகைச் சாய்த்துக்கொள்ள வசதியான இடங்களை வாடிக்கைக்காரர்கள் முன்னமே பிடித்துவிடுவார்கள். புதிதாக வருகிறவர்கள் நட்டநடுவில் உட்காருவார்கள். யார் பழையவர், யார் புதியவர் என்று கண்டுகொள்ள இந்த ஓர் அடையாளமே போதும். கண்ணை மூடியிருப்பவர்களைக் கண்கொட்டாமல் பார்ப்பது நாகரிகமில்லைதான். ஆனால் அவர்களுக்குத் தெரியப்போவதில்லை.

நடுவில் ஓர் இளைஞன். பத்மாசனம், இரண்டு கைகளிலும் சின்முத்திரை, முதுகு கொடிமரம் மாதிரி. கண்களை அவன் மூடிய வேகத்தில் புருவம் நெரிந்திருக்கிறது. சற்று நேரத்தில் வலது முழங்கால் தரையை விட்டு மெல்ல எழும்புகிறது. கையால் அமுக்குகிறான். மறுபடி எழும்புகிறது. காதருகே ஒரு கொசு. தோள் குலுங்குகிறது. ஒரு கண் மட்டும் திறக்கிறது. எதிரே சோபாவில் வைத்திருக்கும் ரமணர் படத்தை அது பார்க்கவில்லை. மணிக்கட்டில் மின்னும் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, ஏமாற்றத்தோடு மூடிக்கொள்கிறது.

வெளியே மயில் அகவுகிறது. நடுவில் இருப்பவர்களின் இமைகள் எல்லாம் ஒருசேரத் துடிக்கின்றன. சுவரோரத்தில் ஒரு சலனமும் இல்லை. வேட்டியை முழங்காலுக்கு மேல் தளர்த்திக்கொண்டு, ஒரு காலை மடித்து மறு காலைக் குத்திட்டு, பஸ்ஸுக்குக் காத்திருக்கிற தோரணையில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்கிறார். கண் பாதி திறந்திருக்கிறது. அவர் மார்பு ஏறி இறங்குவதை உற்றுப் பார்த்தால்தான் தெரிகிறது.

இளைஞன் கால் மரத்துப்போய், தரையில் கையூன்றி எழுந்து, நொண்டிக்கொண்டே வெளியேறுகிறான். வாசலில் நின்று உள்ளங்காலைத் தட்டுகிறான். சத்தம் விழாமல் அடைத்துக்கொள்ளும் சாதனத்தைக் காதில் மாட்டிக்கொள்கிறான். இங்கே சத்தம் அதிகம் என்று தோன்றியிருக்க வேண்டும். மலைப்பாதைக்கு வழி கேட்டுக்கொண்டு நடக்கிறான். புதியவர்களுக்கு எல்லாம் இந்த ஆசை உண்டு. அமைதியான இடம், இன்னும் அமைதியான இடம், கடைசியில் குகை.

இதே ஊருக்கு 1896 செப்டம்பர் 1ஆம் தேதி பதினாறு வயதுப் பையனாக வந்த ரமணரும் இடம் தேடி அலைந்தவர்தான். பெரிய கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தில் உட்கார்ந்தார், பொடிப்பயல்கள் கல்லெறிந்தார்கள். கீழே பாதாள லிங்கத்துக்குப் போனார். அங்கே பையன்களின் தொல்லை குறைவு. ஆனால் இருட்டில் பூச்சிகள் தொடையை அரித்துப் புண்ணாக்கின. அவருக்கு அது உறைக்காத நிலை. நமக்கு ஒரு கொசுவே போதும்.

ஆசிரமத்தின் பின்பக்கம் கல் பாவிய பாதை ஸ்கந்தாசிரமத்துக்கு ஏறுகிறது. அங்கிருந்து இறங்கினால் விரூபாட்ச குகை. 1899 முதல் 1916 வரை ரமணர் இருந்த இடம். உள்ளே விரூபாட்ச தேவரின் சமாதி மேடு, ஒரு விளக்கு, மற்றபடி இருட்டு. காற்று அசைவதில்லை. உடம்புச் சூடும் விளக்குச் சூடும் சேர்ந்து வெதவெதவென்று இருக்கும். வாசலுக்கு வெளியே உட்கார்ந்து வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பது ஒரு தனிப் படிப்பு. பயபக்தியோடு குனிந்து நுழைகிறார்கள். ஒரு தம்பதி நுழைந்த வேகத்திலேயே நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு திரும்புகிறார்கள். 'மூச்சு முட்டுதுங்க' என்கிறாள் அம்மாள். அடுத்துப் போனவரிடமிருந்து கொஞ்ச நேரத்தில் சன்னமான குறட்டை. நம் இளைஞனும் போகிறான். வரும்போது முகம் தொங்கியிருக்கிறது. வெளிச்சத்தம் அற்றுப்போன இடத்தில் ஆபீஸ், கடன், சண்டை எல்லாம் ஒலிபெருக்கி வைத்துப் பேசியிருக்கும்.

அந்தத் தம்பதியில் அம்மாள் மட்டும் வெளியே மர நிழலில் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டாள். காலை நீட்டி, பையை மடியில் வைத்து, கீழே தெரிகிற ஊரைப் பார்க்கிறாள். பஸ் ஹாரன் மேலே வந்து தேய்ந்து போகிறது. எங்கோ ஒலிபெருக்கியில் பாட்டு. அவள் கண் எப்போது மூடியது என்று எனக்கே தெரியவில்லை. கணவர் கூப்பிட்டபோது, 'இருங்க, இப்பத்தானே உட்கார்ந்தேன்' என்கிறாள். நிழல் அதற்குள் கல்லைத் தாண்டிப் போயிருந்தது.

பழைய ஹாலும் ரமணர் இருந்த நாளில் ஊசி விழுந்தால் கேட்கிற இடமாக இருந்ததில்லை. 1920களின் கடைசியிலிருந்து 1949 வரை அந்தச் சோபாவில் அவர் இருந்தபோது அணில் மேலே ஓடும், பசு லட்சுமி வந்து நிற்கும், தபால் வரும், வந்தவர்கள் கேள்வி கேட்பார்கள். விடிகாலையில் அவரே சமையற்கட்டில் காய் நறுக்க உட்கார்ந்துவிடுவார். 'நான் யார்?' என்ற சின்னப் புத்தகம் அங்கே புத்தகக் கடையில் கிடைக்கிறது. எண்ணம் எழுந்தால் அதோடு மல்லுக்கு நிற்காமல், அது யாருக்கு எழுந்தது என்று பார்க்கச் சொல்கிறது. மூச்சைக் கட்டுவது மனத்தைக் கட்டத் துணை, அவ்வளவே என்றும் அதில் வருகிறது. பத்து நாள் பேச்சில்லாமல், போன் இல்லாமல் இருக்கச் சொல்லும் விபாசனா முகாமில்கூட முதல் மூன்று நாளும் மூக்கு நுனியில் மூச்சு வந்து போவதைக் கவனிப்பது மட்டும்தான் பாடம். அதற்கு மேல் புதியவருக்கு ஒன்றும் வேண்டியதில்லை என்பதே என் கட்சியும்.

சாயங்காலம் சமாதி மண்டபத்தில் தமிழ்ப் பாராயணம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், மாற்றி மாற்றிச் சொல்கிறார்கள். சமாதியைச் சுற்றி நடக்கிறவர்களின் வெறுங்கால்கள் வழவழப்பான கருங்கல் தரையில் சரசரக்கின்றன. ஒரு குழந்தை ஓடுகிறது, தாய் துரத்துகிறாள். நம் இளைஞன் வருகிறான். மலையேறிய களைப்பில் பத்மாசனம் மறந்துபோய்விட்டது. ஒரு தூணில் சாய்ந்து சாதாரணமாகச் சம்மணமிடுகிறான். முத்திரை இல்லை, கை மடியில் கிடக்கிறது. பாராயணம் ஏறி இறங்குவதற்கு ஏற்ப மூச்சு தானாக ஒழுங்குக்கு வருகிறது. தோள் இறங்குகிறது. புருவ நெரிசல் விட்டுப்போகிறது. குழந்தை அவன் முழங்காலில் இடித்துக்கொண்டு ஓடுகிறது. அவன் கண் திறக்கவில்லை. பாராயணம் முடிந்து கூட்டம் எழுந்த பிறகும் அப்படியே இருக்கிறான். கடிகாரம் கையில்தான் இருக்கிறது, பார்க்கவில்லை.

பாதி சத்தம் இருக்கிற இடம்தான் புதியவருக்கு நல்ல இடம். முழு நிசப்தம் பழகியவர்களுக்கு. இதற்காக நீங்கள் திருவண்ணாமலைக்கு பஸ் ஏற வேண்டாம். உங்கள் ஊர்க் கோயிலில் காலையில் நடை திறந்ததும் பிராகாரத்தில் ஆள் குறைவு. பள்ளிவாசல் திண்ணையோ, மாதா கோயில் பெஞ்சோ, குளக்கரைப் படியோ இருந்தாலும் சரி. சாப்பிட்டவுடன் வேண்டாம், தூக்கம் வரும். முதுகுக்கு ஏதாவது சாய்மானம் பார்த்து, கண்ணைப் பாதி மூடி, மூச்சு வந்து போவதைப் பதினைந்து நிமிஷம் கவனியுங்கள். மனம் ஓடினால் திட்டாமல் திரும்ப அழைத்துவாருங்கள். மறுநாளும் அதே நேரம், அதே இடம். கால் மரத்தால் தாராளமாக நீட்டிக்கொள்ளலாம், சந்நிதிப் பக்கம் மட்டும் வேண்டாம்.