முப்பது வெள்ளி

எங்கள் பக்கம் ஒயின் ஷாப்பில் ஒயினைத் தவிர எல்லாம் கிடைக்கும். 2003இல் சில்லறை விற்பனை டாஸ்மாக் கைக்குப் போன பிறகும் அந்தப் பேர் போகவில்லை. குவார்ட்டர் பிராந்திக்கு நிற்கிறவரும் ‘ஒயின் ஷாப் வரைக்கும் போயிட்டு வந்துடறேன்’ என்றுதான் சொல்வார். நிஜ ஒயின் எங்கள் வீட்டில் அரிசி மூட்டைக்குப் பின்னால் இருந்தது. கம்பம் பள்ளத்தாக்கு, பன்னீர் திராட்சை விளையும் ஊர். கிறிஸ்துமஸுக்கு நாற்பது நாள் முன்பு அம்மா ஐந்து கிலோ திராட்சையைப் பீங்கான் ஜாடியில் நசுக்குவாள். சர்க்கரை, ஒரு பிடி கோதுமை, நாலு கிராம்பு போட்டு, ஜாடி வாயைத் துணியால் கட்டி வைப்பாள். அந்தத் திராட்சையை 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். 2023இல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. ஆகவே ஒயின் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் மிதப்பு உண்டு. அந்த மிதப்போடுதான் மூன்று வார வேலைக்காகக் கூலிம் ஹைடெக் பூங்காவில் போய் இறங்கினேன்.

1996இல் திறந்த பூங்கா. மலேசியாவின் முதல் உயர்தொழில்நுட்பப் பூங்கா இதுதான். அகலமான சாலை, வெட்டிவிட்ட புல், பெட்டி பெட்டியாய்த் தொழிற்சாலைகள், அவற்றைத் தாண்டினால் செம்பனை மரங்கள். நான் வேலை பார்த்த இடத்தில் தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு. சென்ட், பவுடர் எதுவும் பூசக்கூடாது. பன்னிரண்டு மணி நேரம் எந்த வாசனையும் இல்லாமல் இருந்துவிட்டு வெளியே வந்தால், ஒட்டுக்கடையில் வதங்கும் வெங்காயம் கூட மூக்கில் அறைகிறது. கூலிம் என்பது ஒரு மரத்தின் பேர், அதன் காயும் பட்டையும் பூண்டு மாதிரி மணக்கும் என்று கூட வேலை பார்த்த தம்பி சொன்னான். பூண்டு மரத்தின் பேரைக் கொண்ட ஊரில் மணமே ஆகாத தொழில். எனக்கு அது பிடித்திருந்தது.

அந்தத் தம்பிக்கு வீடு பாடாங் செராயில். ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டான். ‘காட்டுப்பன்றி கிடைச்சிருக்குண்ணே. பாட்டி பிரட்டல் வைக்கிறாங்க.’ வெறுங்கையோடு போகக் கூடாதே என்று, ஒயின் நான் வாங்குகிறேன் என்றேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

போன இடம் ஒரு சீனர் மளிகைக் கடை. ஊதுபத்திக் கட்டு, அரிசிப் பை, மீன் டின், அதற்குப் பின்னால் போத்தல்கள். இருபத்தொரு வயதுக்குக் கீழே விற்பதில்லை என்று அறிவிப்பு. தரையில் திறந்து கிடந்த அட்டைப் பெட்டியிலிருந்து தம்பி ஒரு போத்தலை உருவினான். சிலி நாட்டுச் சிவப்பு ஒயின், திருகு மூடி.

‘இது எடுங்கண்ணே. முப்பது வெள்ளிதான். நாங்கள்லாம் இதான் குடிக்கிறது.’

அங்கே ரிங்கிட்டை வெள்ளி என்பார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் வளர்ந்தவனுக்கு முப்பது வெள்ளி என்றதும் யூதாஸ் நினைவுக்கு வராமல் இருப்பானா? நான் மேல் தட்டைப் பார்த்தேன். கண்ணாடி ஜன்னலை ஒட்டி, தக்கை அடைத்த ஆஸ்திரேலிய ஷிராஸ் வரிசையாக நின்றது. நாற்பத்தைந்து வெள்ளி.

தம்பியிடம் கணக்குப் பேசினேன். அதற்கு முந்தின வாரம்தான் மலேசியாவில் ஒயின் ஏன் இந்த விலை விற்கிறது என்று தேடிப் படித்திருந்தேன். 2016இல் கலால் வரியை மாற்றி, போத்தலில் உள்ள ஆல்கஹாலின் அளவைப் பார்த்துப் போடுகிறார்கள். கலப்பில்லாத ஆல்கஹால் லிட்டருக்கு அப்போது 150 வெள்ளி. பதின்மூன்றரை விழுக்காடு கொண்ட 750 மில்லி போத்தலுக்குச் சுமார் பதினைந்து வெள்ளி ஆனது. மட்டமான ஒயினுக்கும் அதே பதினைந்து, உசத்திக்கும் அதே பதினைந்து. முப்பது வெள்ளிப் போத்தலில் அது போக மிச்சம் பதினைந்து. கண்ணாடி, கப்பல் கூலி, கடைக்காரர் லாபம் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். நாற்பத்தைந்தில் மிச்சம் முப்பது. ‘விலை ஒன்றரை மடங்கு, சரக்கு ரெண்டு மடங்கு. காசு கம்மியா இருக்கிறவன்தான் இதை வாங்கணும்’ என்றேன். பேசப் பேச எனக்கே என் மேல் மரியாதை கூடிக்கொண்டு போனது.

தம்பி சிரிக்கவில்லை. ‘உங்க கணக்கு சரிண்ணே. ஆனா இங்க குறைஞ்சபட்ச சம்பளம் மாசம் ஆயிரத்து ஐந்நூறு. ஒரு நாளைக்கு எவ்வளவு வருது? அறுபது கூட வராது. ஒரு போத்தலுக்கு நாப்பத்தஞ்சு குடுத்துட்டு அன்னைக்கு எதைத் திங்கிறது?’ 2024 அது. அவன் சம்பளம் அதைவிடக் கூடுதல்தான். ஆனாலும் கூட வேலை செய்கிறவர்களை மனதில் வைத்துப் பேசினான். மலிவாக வேண்டுமென்றால் லங்காவிக்குப் போக வேண்டும் என்றான். 1987 முதல் தீர்வையில்லாத் தீவு. ஆனால் நாற்பத்தெட்டு மணி நேரம் தங்கினால்தான் கொண்டுவரலாம், அதுவும் தலைக்கு ஒரு லிட்டர். ‘அப்படின்னா ரெண்டாவது போத்தல்ல மூணுல ஒரு பங்குதான் நம்மளுது. மிச்சத்தை ஜெட்டியிலயே குடிச்சிட்டு ஃபெர்ரி ஏறணும்.’

கடைசியில் ரெண்டையும் வாங்கினோம். நாற்பத்தைந்தின் தக்கை உறைக்குள் லேசாக மேலே தூக்கியிருந்தது. பார்த்தேன், கண்டுகொள்ளவில்லை.

வீட்டில் பாட்டி கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எண்பதைத் தாண்டியவர். பீடோங் பக்கத் தோட்டத்தில் பிறந்து, லயத்தில் வளர்ந்து, முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர். அன்று அவரைப் பற்றி எனக்கு இருந்த எண்ணத்தை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. பாட்டி முன்னால் குடிக்கலாமா என்று தம்பியின் காதில் கேட்டேன். அது பாட்டிக்கே கேட்டுவிட்டது. ‘எனக்கும் ஒரு டம்ளர் கொண்டாடா’ என்றார்.

பிரட்டல் கறுப்பாக வந்தது. மிளகும் சோம்பும் இறைச்சியில் இறங்கி, ஓரமெல்லாம் தோல் முறுகி, நடுவில் கறிவேப்பிலை சருகாகியிருந்தது. நான் நாற்பத்தைந்தைத் திறந்தேன். காய்ச்சின ஜாம் மாதிரி, உலர்ந்த திராட்சையைக் கொதிக்கவைத்த மாதிரி ஒரு வாடை. ‘நல்லாப் பழுத்த திராட்சை’ என்று விளக்கம் கொடுத்தேன். தம்பி ஐஸ் கட்டியை எடுத்து வந்தான். ஒயினில் ஐஸா என்று முகம் சுளித்தேன்.

பாட்டி டம்ளரை மூக்குக்குக் கொண்டுபோனார், வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

‘இது மத்தியானக் கள்ளு’ என்று கீழே வைத்துவிட்டார்.

எனக்குப் புரியவில்லை. பாட்டி விளக்கினார். விடியலில் இறக்கின கள் இனிக்கும். வெயில் ஏற ஏறப் புளிக்கும். மத்தியானத்துக்கு மேல் வெயிலில் கிடந்த கள்ளுக்கு ஒரு வாடை உண்டு, சீனி கலந்தாலும் மறையாது. ‘இந்தப் போத்தலு வெயில்ல கெடந்திருக்குப்பா. எங்க வச்சிருந்தான் கடைக்காரன்?’

ஜன்னல் ஓரம். மேல் தட்டு. தூக்கியிருந்த தக்கை. உள்ளே இருந்தது சூட்டில் விரிந்து தக்கையைத் தள்ளியிருக்கிறது. வரிக் கணக்கைப் புள்ளி பிசகாமல் போட்டவன், போத்தல் எங்கே நிற்கிறது என்று பார்க்கவில்லை. அந்த உயர விலைப் போத்தலை அந்த ஊரில் யார் வாங்குவார்கள்? எத்தனை மாதம் வெயில் குடித்ததோ. முப்பது வெள்ளிப் பெட்டியோ வாராவாரம் காலியாகிறது. சரக்கு வெந்துபோக நேரமே கிடைப்பதில்லை.

கள்ளைப் பற்றிய பேச்சு அதோடு நிற்கவில்லை. பாட்டியின் அப்பா தொண்டர் படையில் இருந்தவராம். 1946, 47இல் கெடாத் தோட்டங்களைக் கலக்கிய இயக்கம் அது. பீடோங் ஹார்வர்டு தோட்டத்து ஏ.எம். சாமியின் தலைமையில் கள்ளுக்கடைகளுக்கு முன்னால் மறியல் செய்தார்கள். கூலியாகக் கொடுத்த காசைத் தோட்டத்துக் கள்ளுக்கடையே திரும்ப வாங்கிக்கொள்கிறது என்பது அவர்கள் கோபம். போலீசோடு மோதல் வந்தது, உயிரும் போனது, சாமி கைதானார். பாட்டி அப்போது கைக்குழந்தையை விடக் கொஞ்சம் பெரியவர். அப்பா சாகும் வரை கள் தொடவில்லை. ‘உங்க அம்மா?’ என்றேன் என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ, அவராகவே சொன்னார்: ‘அம்மா தொட்டுச்சு. பின்னாலதான் எடுத்துட்டு வரும், முந்தானைக்குள்ள.’

பிள்ளை பெற்ற ஒவ்வொரு தடவையும் பாட்டிக்குப் பத்தியத்தோடு பிராந்தி கொடுத்தார்களாம். நாலாவது பிள்ளைக்கு, கையில் கொஞ்சம் காசு புழங்கியதால், வின்கார்னிஸ். மலேசிய வீடுகளில் மருந்து மாதிரி புழங்கும் இங்கிலாந்து டானிக் ஒயின் அது. ‘அதான் நான் குடிச்ச மொத ஒயினு. இனிப்பா இருக்கும்’ என்றார். எங்கள் அம்மாவின் ஜாடி எனக்கு ஞாபகம் வந்தது. அதுவும் தொண்டை ஒட்டும் இனிப்புத்தான். ஆஸ்திரேலியாவோ சிலியோ பக்கத்தில் வைத்தால் அது ஒயினே இல்லை என்று இதுவரை யாரிடமும் நான் ஒத்துக்கொண்டதில்லை.

ஐஸ் விஷயத்திலும் தோற்றேன். சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்று பெரிய மனிதர்கள் எழுதியதெல்லாம் பதினாறு, பதினெட்டு டிகிரி இருக்கும் ஐரோப்பிய அறையில் உட்கார்ந்துதான். பாடாங் செராய்க் கூடத்தில் விசிறி சுற்றியும் முப்பத்தொன்று. அந்தச் சூட்டில் சாராய நெடிதான் முதலில் மேலே வரும். ஐஸ் போட்டால் தண்ணீராகிவிடும் என்று கடைசியாக ஒரு வாதம் வைத்தேன். தம்பி முப்பது வெள்ளிப் போத்தலைக் குளிர்பெட்டிக் கதவில் சொருகினான். அரை மணி நேரம் பன்றிக் கறி சாப்பிட்டோம்.

எடுத்து ஊற்றியபோது டம்ளருக்கு வெளியே வியர்த்திருந்தது. மிளகுக் காரத்துக்குப் பின்னால் கொஞ்சம் பச்சைமிளகாய் வாசனை, கொஞ்சம் நாவல்பழம். பெரிய ஒயின் இல்லை. ஆனால் உயிரோடு இருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. தம்பியும் கேட்கவில்லை, நல்ல பையன். நாற்பத்தைந்தில் மிச்சமிருந்ததை அவன் மனைவி எடுத்துக்கொண்டு போய் அடுத்த வாணலியில் கவிழ்த்தார். கறிக்கு அது பொருத்தமாகத்தான் இருந்தது.

பாட்டி மத்தியானக் கள்ளு டம்ளரைத் தண்ணீர் விட்டு அலசி, குழாயடியிலேயே உதறிவிட்டு, என் பக்கம் நீட்டினார்.

‘அந்த முப்பது வெள்ளியில ஊத்து. ஐஸ் வேணாம்.’