தரிசுல ஒரு விமானம்

மச்சான் துபாயிலிருந்து கொண்டாந்த ரிமோட் விமானம் ரெடிமேடுதான். இறக்கையை மாட்டி பேட்டரி வச்சா முடிஞ்சது. அவருக்கு மறுநாள் ஃப்ளைட். அதுக்குள்ள ஒருதடவை பறந்து பாத்துரணும்னு ஆசை. மருமகன் அவசரப்படல. இறக்கைக்கு அடியில ரெண்டு விரலைக் கொடுத்துத் தூக்கினான், வால் தொங்குச்சு. பேட்டரியை முன்னால தள்ளினதும் தராசு மாதிரி நின்னுச்சு. வால் கனத்தா தலைதூக்கி விழுந்துருமாம். (பய அஜித் ரசிகன். 2018-ல அண்ணா பல்கலைக்கழக தக்‌ஷா குழுவுக்கு அஜித் ஆலோசகரா இருந்த கதையெல்லாம் ஒப்பிப்பான்.)

ஆடிக்காத்து மலையிலிருந்து வீசுது. "மேக்கே பாத்து விடுய்யா"ன்னேன். எதிர்க்காத்துலதான் சட்டுனு ஏறும். மூணாவது சுத்துல காத்து தென்னந்தோப்புப் பக்கம் தள்ளிட்டுப் போயிருச்சு. "போச்சுலே"ன்னேன். அவன் மூக்கை மேக்கே திருப்பி, மெதுவா தரிசுக்கே கொண்டாந்து இறக்கினான்.

மச்சான் படம்பிடிக்கச் செல்லை எடுக்கவே இல்ல. அண்ணாந்தபடியே நின்னார்.